முட்கம்பி வேலியும் அதன் விலையும்

யாழ்ப்பாணத்து வளவொன்றின் பழைய வேலி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, அவை வேர்கொண்டு தளிர்த்த பின்னர் குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகினாலோ பனையோலையாலோ அடைப்பது வழக்கம். வெயிலிலும் மழையிலும் ஓலை உக்கியதும் அதனைக் கழற்றித் தோட்டத்து மண்ணில் எருவாகத் தாழ்ப்பர். கதியாலின் குழையை ஆட்டுக்கு இடுவர். வேலியடைப்புக்குச் சென்ற செலவில் ஒரு பகுதி இவ்வாறு மண்ணுக்கும் தொழுவத்துக்கும் திரும்பிவந்தது. அயலவர் போக்குவரவுக்கென்று இரு வளவுகளுக்கும் இடையே ஒரு பொட்டும் விடப்பட்டிருக்கும். ஓலையும் தடியும் பெரும்பாலும் சொந்தக் காணியிலேயே கிடைத்தமையால், வேலிக்கு இவ்வளவு பணம் சென்றதென்று கணக்கெழுதி வைத்த குடும்பங்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும். முட்கம்பி வந்து புகுந்தபோதுதான் வேலி என்பது கடையிலே நிறுத்து வாங்கும் பண்டமாயிற்று.

அம்முட்கம்பி பிறந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதி. அது பிறந்தமைக்குக் காரணமும் வேலிச் செலவே. மரமற்ற பெருஞ் சமவெளியொன்றிலே, காணி ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தும், அதனைச் சுற்றி அடைக்க வழியின்றித் தவித்த கமக்காரரின் இடர்ப்பாட்டிலிருந்து எழுந்தது அது. அந்த இடர்ப்பாடு எத்துணைப் பெரிது என்பதை அறிந்தாலன்றி, ஒரு சாதாரணக் கம்பிச் சுருளுக்காக எழுந்த வழக்குகளையும் கலகங்களையும் விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாக இருந்த 1862ஆம் ஆண்டில் குடியேற்றக் காணிச் சட்டம் நிறைவேறிற்று. ஒருவர் 160 ஏக்கர் அரசாங்கக் காணியைத் தெரிந்து, அதிலே குடிசை அமைத்து, ஐந்தாண்டு தங்கியிருந்து பயிர் செய்வாராயின் அக்காணி அவருக்கே உரியதாகும். பதிவுக்கும் பிற கட்டணங்களுக்குமாக அவர் செலுத்தவேண்டியது மொத்தம் 18 டொலர். ஐரோப்பாவிலே ஒரு துண்டு நிலத்துக்கும் வழியற்றிருந்த குடியானவருக்கு இது கனவுபோலத் தோன்றியிருத்தல் வேண்டும். பல்லாயிரவர் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். காணி கிடைத்தது. மண்ணும் வளமான மண். ஆயினும், விதைத்த சோளத்தை அடுத்த ஆண்டு அவர்களே அறுப்பார்கள் என்பதற்கு உறுதி இருக்கவில்லை. சுற்றுப்புறமெங்கும் மாட்டு மந்தைகள் கட்டின்றித் திரிந்தன.

மாட்டை வைத்திருப்பவன் அதனைக் கட்டி வைக்கவேண்டாமா என்று கேட்கத் தோன்றும. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் அவ்வாறே கூறிற்று. அயலான் பயிரை மாடு மேய்ந்தால் மாட்டின் சொந்தக்காரனே நட்டத்துக்குப் பொறுப்பாளி. ஆனால் ஆங்கிலேயர் அமெரிக்கக் கரையில் குடியேறியபோது நிலைமை மாறிற்று. அங்கே நிலம் மிகுதி, ஆள் குறைவு. மந்தையைக் காட்டிலே விட்டு வளர்ப்பதே எளிதாயிருந்தது. ஆதலால் விர்ஜீனியாவில் 1632ஆம் ஆண்டளவிலேயே ஒரு விதி ஏற்பட்டது: பயிர் செய்பவனே தன் நிலத்தைப் போதிய வேலியால் அடைத்தல் வேண்டும், அடையாதவன் தன் பொறுப்பிலேயே பயிரிடுபவனாவான். மாட்டை அடைப்பதற்காக அன்றிப் பயிரை அடைப்பதற்காக வேலி என்னும் இக்கொள்கை குடியேற்றங்களோடு மேற்கே பரவிற்று. வேலிச் செலவு யாருடையது என்னும் கேள்விக்கு, மாட்டுக்காரனுடையதன்று, ஏர்க்காரனுடையது என்று சட்டமே விடை கூறிவிட்டது. பின்வந்த துன்பங்களுட் பல இந்த ஒரு விடையிலிருந்து கிளைத்தவை.

கிழக்கு மாநிலங்களில் இந்தச் சுமை தாங்கக்கூடியதாயிருந்தது. அங்கே காடு இருந்தது. நிலத்தைத் திருத்த வெட்டிய மரத்தையே பிளந்து, நீண்ட சட்டங்களாக்கி, பாம்பு ஊர்ந்தாற்போல வளைத்து வளைத்து அடுக்கினர். ஆணியும் வேண்டியதில்லை, குழியும் வேண்டியதில்லை. மரமும் நிலமும் வீணாகும் வேலிதான் அது. எனினும் அவ்விரண்டும் அங்கே மலிவு. லிங்கன்தாமும் இளமையில் இத்தகைய வேலிச் சட்டம் பிளந்தவரே. 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பிளந்தவை என்று சொல்லப்பட்ட இரண்டு சட்டங்களை மாநாட்டுக்குள் தூக்கிவந்து ஆதரவாளர் ஆரவாரித்தனர். ஆனால் அவர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி காணி பெற்றுச் சென்றவர்களுக்கோ பிளப்பதற்கு மரமே இல்லை. கன்சாசு, நெபிராசுக்கா போன்ற பகுதிகளிலே ஆற்றங்கரையை விட்டு விலகினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லே. வேலிக்கு வேண்டிய பலகையும் கம்பமும் மிச்சிகன், விசுக்கொன்சின் காடுகளிலிருந்து புகைவண்டியேறி வரவேண்டியிருந்தது.

1871ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் நாடு முழுவதிலுமுள்ள வேலிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலியைப் பற்றி அரசாங்கம் கணக்கெடுப்பதா என்று நகைப்பவர், அதிலுள்ள தொகைகளைக் கண்டால் நகைக்கமாட்டார். நாட்டிலிருந்த வேலிகளின் மொத்தப் பெறுமதி 174 கோடி டொலருக்கு மேல். அவற்றைப் பழுதுபார்க்க மட்டும் ஆண்டுக்கு 9 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேற் சென்றது. கால்நடைகளிலே இட்ட ஒவ்வொரு டொலருக்கும், அக்கால்நடைகளிடமிருந்து பயிரைக் காக்க இன்னுமொரு டொலர் வேலியில் இடப்பட்டுள்ளது என்று அறிக்கை குறைப்பட்டது. மாட்டின் விலையும் வேலியின் விலையும் ஒன்றென்றால் அந்தக் கமத்தின் நிலை எத்தகையது!

மாற்று வழிகள் தேடப்படாமலில்லை. இல்லினோய் மாநிலத்துப் பேராசிரியர் ஜொனதன் பால்ட்வின் டேர்ணர் என்பார், ஒசேஜ் தோடை எனப்படும் முட்செடியை வரிசையாக நட்டு உயிர்வேலி அமைக்கலாமென்று பல்லாண்டு பிரசாரம் செய்தார். குதிரை தாண்டாத உயரம், காளை முட்டாத உறுதி, பன்றி நுழையாத நெருக்கம் என்று அதனைப் புகழ்ந்தனர். கதியால் வேலி கண்ட கண்ணுக்கு இது புதுமையன்று. நல்ல வேலிதான், ஆனால் அது அடர்ந்து வளர மூன்று நான்கு ஆண்டு செல்லும். அதுவரை பயிரை யார் காப்பது? வளர்ந்த பின்பும் வெட்டிச் சீராக்காவிடில் அது பக்கத்து நிலத்தைக் கவரும், நிழலால் பயிரைக் குன்றச் செய்யும். வெறும் இரும்புக் கம்பியைக் கட்டிப் பார்த்தோரும் உளர். குளிர்காலத்தில் அது சுருங்கி அறுந்தது. கோடையில் நெகிழ்ந்து தொங்கிற்று. மாடோ, முதுகு சொறிவதற்கு நல்லதோர் இடம் கிடைத்ததென்று அதன்மேற் சாய்ந்து கம்பத்தோடு சரித்துவிட்டு உள்ளே சென்றது. வேறு சில இடங்களிற் சட்டத்தையே மாற்றினர். நெபிராசுக்காவும் கன்சாசும் 1870களின் தொடக்கத்தில் மந்தைச் சட்டங்களை இயற்றி, மாட்டைக் காப்பது மாட்டுக்காரன் கடன் என்று பழைய ஆங்கில முறைக்குத் திரும்ப இடமளித்தன. இதனால் ஏழைக் குடியேறிகள் பலர் வேலியின்றியே சில அறுவடைகளைக் கண்டனர்.

இந்நிலையில், இல்லினோய் மாநிலத்து டிகால்ப் என்னும் சிற்றூரில் 1873ஆம் ஆண்டு நடந்த விவசாயக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்னும் கமக்காரர் ஒரு மரச்சட்டத்தை வைத்திருந்தார். அதிலே கூரிய கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வேலியில் அதனைத் தொங்கவிட்டால் மாடு குத்துப்பட்டு விலகும் என்பது அவர் எண்ணம். முள்ளைக் கம்பியிலே சேர்க்கும் எண்ணமும் முற்றிலும் புதியதன்று. மைக்கல் கெல்லி என்பவர் 1868இலேயே அத்தகைய ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் டிகால்ப் கண்காட்சியில் அந்தச் சட்டத்தின் முன்னே நின்று சிந்தித்தவர்கள் மூவர். ஒருவர் ஜோசப் கிளிடன் என்னும் கமக்காரர். மற்றவர் ஐசாக் எல்வுட் என்னும் இரும்புச் சாமான் வணிகர். மூன்றாமவர் ஜேக்கப் ஹெய்ஷ் என்னும் மரவணிகர். முள்ளை மரச்சட்டத்தில் வைப்பானேன், கம்பியிலேயே வைத்தாலென்ன என்று மூவருக்கும் தோன்றிற்று.

கிளிடன் அப்போது அறுபது வயதினர். நியூஹாம்சயரிற் பிறந்து, இளமையில் ஆசிரியத் தொழில் பார்த்து, பின்னர் இல்லினோய்க்கு வந்து கமஞ் செய்தவர். வீட்டிலிருந்த கோப்பி அரைக்கும் ஆலையைச் சிறிது மாற்றி, அதனால் கம்பித் துண்டுகளை முள்வடிவாக வளைத்தார். முள்ளைக் கம்பியில் சுற்றுவது எளிது. அது வழுக்கி ஓரிடத்திற் குவியாதிருக்கச் செய்வதே கடினம். கிளிடன் முட்கள் கோத்த கம்பியோடு இரண்டாவது கம்பியொன்றைச் சேர்த்து, சாணைக்கல்லின் பிடியைச் சுழற்றி இரண்டையும் கயிறுபோல முறுக்கினார். முறுக்கில் அகப்பட்ட முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கம்பி இரட்டையானமையால் வெப்பத்துக்கு நெகிழ்வதும் குளிருக்கு அறுவதும் குறைந்தன. ஒரே முறுக்கில் மூன்று குறை தீர்ந்தன. 1874ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி அவருக்கு 157,124ஆம் இலக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை கைக்கு வருமுன்னரே அதிற் பாதிப் பங்கை எல்வுட் 265 டொலருக்கு வாங்கியிருந்தார். இரண்டாண்டு கழித்து மசச்சூசெற்சு மாநிலத்து உவோசெற்றர் நகரிலிருந்த வொஷ்பேண்–மோயின் என்னும் கம்பித் தொழிற்சாலையார், கிளிடனிடம் எஞ்சியிருந்த பாதியை 60,000 டொலருக்கும், விற்கும் ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் 25 சதம் உரிமைப் பணத்துக்குமாகப் பெற்றுக்கொண்டனர்.

ஹெய்ஷ் விட்டுக்கொடுக்கவில்லை. தாமே முதலில் கண்டவர் என்று அவர் வழக்காடினார். வழக்குகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 1892ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் கிளிடன் காப்புரிமையே செல்லுமென்று முடிவு கூறிற்று. காப்புரிமையின் 17 ஆண்டுக் காலம் அதற்கு முந்திய ஆண்டே முடிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. வழக்கு நடந்த காலமெல்லாம் காப்புரிமை உடையவர்கள் உரிமைப் பணம் தண்டிக்கொண்டிருந்தனர். அப்பணம் ஈற்றில் கம்பி வாங்கிய கமக்காரன் பையிலிருந்தே சென்றது. அயோவா மாநிலத்துக் கமக்காரர் இதனைப் பொறாது சங்கம் அமைத்து, உரிமைப் பணம் செலுத்தாத கம்பியைத் தாமே செய்வித்து நீதிமன்றத்திலும் எதிர்த்து நின்றனர்.

கம்பி விற்பனையாகிய வேகம் அக்காலத்தவரைத் திகைக்கச் செய்தது. 1874இல் செய்யப்பட்டது 10,000 இறாத்தல் மட்டுமே. அடுத்த ஆண்டு 600,000 இறாத்தல். 1880இல் 8 கோடி இறாத்தலையும் கடந்துவிட்டது. பெசமர் முறையில் உருக்கு மலிவாகச் செய்யப்பட்டமையும், புகைவண்டிப் பாதை மேற்கே நீண்டமையும் இதற்குத் துணைசெய்தன. இரும்புக் கம்பி போய், துத்தநாகப் பூச்சிட்ட உருக்குக் கம்பி வந்தது. விலையோ ஆண்டுக்காண்டு இறங்கிற்று. 100 இறாத்தல் கம்பி 1874இல் 20 டொலர். 1880இல் 10 டொலர். 1885இல் 4 டொலர் 20 சதம். 1890இல் 3 டொலர் 45 சதம். 1897இல் 1 டொலர் 80 சதம்.

இவ்விலைகளைக் குடியேறியவன் ஒருவனின் காணியோடு வைத்துப் பார்த்தாலே அவற்றின் பொருள் புலப்படும். 160 ஏக்கர் என்பது அரை மைல் பக்கமுடைய சதுரம். அதன் சுற்றளவு 2 மைல். பழைய நில அளவைக் கணக்கில் 640 கோல், ஒரு கோல் பதினாறரை அடி. ஒரு கோல் நீளமான முட்கம்பி ஏறக்குறைய ஒரு இறாத்தல் நிறை. மூன்று வரிக் கம்பி கட்டினால் 1,920 இறாத்தல் வேண்டும். 1874ஆம் ஆண்டு விலையில் இது 384 டொலர். காணிக்குச் செலுத்தியது 18 டொலர். அக்காணியைச் சுற்றும் கம்பிக்கு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். 1885இல் அதே கம்பி 81 டொலருக்குக் கிடைத்தது. 1897இல் 35 டொலர் போதும். இருபத்துமூன்று ஆண்டில் பதினொரு பங்கில் ஒரு பங்காய் விலை குறைந்த ஒரு பண்டம் ஏழைக் கமக்காரனுக்கு எத்துணை உதவியாயிருந்திருக்கும் என்று விரித்துரைக்கவேண்டியதில்லை. கம்பம் நடும் செலவு இதிற் சேரவில்லை. அஃது ஒரு தனிக் கதை.

விலை இறங்கிற்று, ஆனால் வேலிக்காகப் பிறர் கொடுக்கவேண்டி வந்த விலை ஏறிற்று. வரலாறு எழுதுவோர் சிலர் முட்கம்பியைக் கமக்காரனின் வெற்றியாக மட்டுமே வருணித்துவிட்டு அமைவர். அது பாதி உண்மையே. கம்பியை மைல் கணக்கில் வாங்கத்தக்கவன் 160 ஏக்கர்க் குடியானவன் அல்லன்; பெரும் பண்ணைக்காரனே. தெக்சாசு மாநிலத்தில் அரசாங்க மாளிகை கட்டுவதற்குக் கூலியாகச் சிக்காகோ முதலாளிகளுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. அந்நிலத்தில் எழுந்த ஒரே பண்ணை பல நூறு மைல் வேலியால் அடைக்கப்பட்டது. பணமுள்ளோர் சொந்த நிலத்தை அடைத்ததோடு நிற்கவில்லை. பொதுநிலத்தையும், நடுவே அகப்பட்ட சிறுவர் காணிகளையும், நீர்நிலைகளையும், ஊருக்குச் செல்லும் பாதைகளையும் சேர்த்து அடைத்தனர். அஞ்சல் செல்லும் வழியும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் வழியும் மறிபட்டன. காணியே இல்லாது, சில மாடுகளைப் பொதுப்புல்லில் மேய்த்து வாழ்ந்த மாட்டுக்காரன் ஒரு நாட் காலையில் விழித்தபோது, நேற்றுவரை தன் மாடு குடித்த நீர் கம்பிக்கு அப்பால் இருந்தது.

1883ஆம் ஆண்டு மழை பொய்த்தது. புல்லும் நீரும் அருகியபோது பொறுமையும் அருகிற்று. முகமூடி அணிந்த கூட்டங்கள் இரவிலே புறப்பட்டுக் கம்பியை வெட்டத் தொடங்கின. ஆந்தைகள் என்றும் நீலப் பேய்கள் என்றும் அவை தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டன. மீண்டும் அடைத்தால் இன்னது நேரும் என்று எச்சரிக்கை எழுதிக் கம்பத்தில் ஒட்டிச் சென்றன. அடைத்தவர் ஆள் வைத்துக் காத்தனர். துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. அவ்வாண்டு இலையுதிர் காலத்துக்குள் ஏற்பட்ட சேதம் 2 கோடி டொலர் என மதிப்பிட்டனர். வெட்டியவர் யாவரும் நியாயத்துக்காக வெட்டியவரல்லர். வெறுங் குறும்புக்கும் பழிவாங்கலுக்கும் வெட்டியவரும் அவர்களோடு கலந்திருந்தனர். முறையாகத் தன் காணியை மட்டும் அடைத்த சிறு கமக்காரனின் வேலியும் அந்த இருளில் அறுந்தது.

ஆளுநர் ஜோன் அயர்லண்ட் 1884ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டசபையின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். வேலி வெட்டுதல் ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய பெருங் குற்றமாயிற்று. பொதுநிலத்தையோ பிறர் நிலத்தையோ அறிந்தே அடைத்தலும் குற்றமாக்கப்பட்டது. ஆயின் அது சிறு குற்றமே. அத்தகைய வேலியை ஆறு மாதத்துக்குள் அகற்ற வேண்டுமென்று விதித்தனர். இரு குற்றங்களுக்கும் இடையே சட்டம் கண்ட ஏற்றத்தாழ்வு, சபையில் யாருடைய குரல் ஓங்கியிருந்தது என்பதைக் காட்டுகின்றது. எனினும் அச்சட்டத்தில் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு விதியும் இருந்தது: பொதுப்பாதைக்குக் குறுக்கே வேலி அடைப்பவர் மூன்று மைலுக்கு ஒரு படலை அமைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து அயலவர் கேளாமலே விட்டுவைத்த பொட்டை, தெக்சாசிலே சட்டம் இயற்றி வைக்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, 1885 பெப்ரவரியில், மத்திய அரசாங்கமும் பொதுநிலத்தைச் சட்டவிரோதமாக அடைத்தலைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று.

மனிதரேனும் வழக்காடினர், வெட்டினர். மாடுகளுக்கு அவ்வழியும் இல்லை. பனிப்புயல் வீசும்போது காற்றுக்கு முதுகு காட்டித் தெற்கே நடந்துகொண்டே போவது சமவெளி மாட்டின் இயல்பு. பள்ளத்தாக்கோ மறைவிடமோ கிடைக்கும்வரை அது நடக்கும். வடக்கிலிருந்து இவ்வாறு வரும் அயல் மந்தைகள் தம் புல்லைத் தின்னாமலிருக்கவென்று, தெக்சாசின் வடபகுதிப் பண்ணைக்காரர் சேர்ந்து, 1880களின் தொடக்கத்தில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 200 மைல் நீளத்துக்கு ஒரு தடுப்பு வேலி அமைத்தனர். 1886ஆம் ஆண்டு ஜனவரியிற் பெரும் பனிப்புயல் வீசிற்று. தெற்கே வந்த மந்தைகள் கம்பியிலே முட்டி நின்றன. பின்வந்தவை முன்னின்றவற்றை நெருக்கின. நின்ற நிலையிலேயே உறைந்தும் மிதிபட்டும் ஆயிரக்கணக்கில் மாண்டன. பனி உருகியபோது கம்பி வரிசை நெடுக உடலங்கள் கிடந்தன. புல்லைச் சேமிக்கக் கட்டிய வேலி மாட்டையே தின்றது. அதற்கடுத்த குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களிலும் பேரழிவு நேர்ந்து, திறந்த மேய்ச்சல் நிலத்தில் மந்தை வளர்க்கும் தொழிலின் முதுகெலும்பை முறித்தது. பண்ணைக்காரர் குறைந்த மாடுகளை வேலிக்குள் வைத்து, வைக்கோல் சேமித்து வளர்க்கும் முறைக்கு மாறினர். அதற்கும் அதே கம்பிதான் வேண்டியிருந்தது.

இக்கணக்கில் எவருமே விலை குறிக்காத இன்னொரு பகுதியுண்டு. அச்சமவெளி மனிதரில்லாத வெற்று நிலமாக இருந்ததன்று. பைசன் என்னும் காட்டெருமைக் கூட்டங்களைத் தொடர்ந்து பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆதிக்குடிகள் அங்கே பல தலைமுறையாக இருந்தனர். அவர்களிடம் நிலம் குலம் முழுவதற்கும் பொது. எல்லைக்கம்பி என்னும் எண்ணமே அவர்கள் வாழ்வுக்கு மாறானது. காட்டெருமைகள் வேட்டையாடி ஒழிக்கப்பட்டன. ஆதிக்குடிகள் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டனர். 1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம் அந்த ஒதுக்கிடங்களையும் துண்டாடிக் குடும்பத்தலைவர் ஒருவருக்கு 160 ஏக்கர் வீதம் பங்கிட்டு, எஞ்சியதைப் பிறர் குடியேறத் திறந்துவிட்டது. அவ்வாண்டு ஆதிக்குடிகள் வசமிருந்த நிலம் ஏறக்குறைய 13 கோடியே 80 இலட்சம் ஏக்கர். அம்முறை கைவிடப்பட்ட 1934இல் எஞ்சியது ஏறக்குறைய 4 கோடியே 80 இலட்சம் ஏக்கர். இதனை முட்கம்பி செய்ததென்று கூறுதல் மிகை. ஆயினும் பறிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் இனித் திறக்கமாட்டாது என்று நிலத்தின் மீதே எழுதிவைத்தது கம்பியே. அதனைப் பிசாசின் கயிறு என்று பழித்தோர் உளர்.

தொழிற்சாலையார் நிலை வேறு. சிறு ஆலைகள் பல ஒன்றையொன்று விழுங்கி, 1899இல் அமெரிக்க உருக்குக் கம்பிக் கம்பனியாகி, 1901இல் ஐக்கிய அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனத்துள் அடங்கின. கிளிடன் பெருஞ் செல்வராக 1906இல் இறந்தார். கம்பியும் கடல் கடந்தது. இங்கிலாந்திலே வீதியோரத்து முட்கம்பி வழிப்போக்கரின் உடையையும் உடலையும் கிழித்தமையால், அத்தகைய கம்பியை அகற்றும்படி கட்டளையிட உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரமளித்து 1893இலேயே சட்டம் செய்யவேண்டியதாயிற்று. வயலுக்கென்று பிறந்த வேலி வீட்டு வாயிலுக்கு வந்தபோது அதன் முள் யாரைக் குத்தும் என்பது அப்போதுதான் எண்ணப்பட்டது.

இனிக் கம்பத்தின் கதை. கன்சாசு மாநிலத்தின் நடுப்பகுதியில் கம்பி மலிவாகக் கிடைத்த பின்னரும் அதனைத் தாங்குதற்கு மரமில்லை. 2 மைல் சுற்றளவுக்குக் கோலுக்கொன்றாக நட்டால் 640 கம்பங்கள் வேண்டும். அங்குள்ள குடியேறிகள் நிலத்தைத் தோண்டியபோது, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சீரான தடிப்புள்ள சுண்ணக்கற் படையொன்று கிடந்ததைக் கண்டனர். புதிதாக வெட்டும்போது அது மென்மையாயிருக்கும்; காற்றுப்பட்ட பின்னர் இறுகும். வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு அடித்து, நீண்ட தூண்களாகப் பிளந்தெடுத்தனர். தூணொன்று 250 முதல் 450 இறாத்தல் வரை நிறை. விலைக்கு வாங்கினால் தூணுக்கு 25 சதம் அளவிற் சென்றது. அவ்விலையில் 640 தூண்களுக்கு 160 டொலர். 1890ஆம் ஆண்டு விலையில் அவற்றிற் கட்டும் கம்பிக்கு 66 டொலர். உருக்கைவிடக் கல் விலையேறியதாயிற்று. பணமில்லாத குடும்பங்கள் குளிர்காலத்தில் வேலையற்றிருந்த நாட்களிலே தாமே கல் பிளந்து, குதிரை வண்டியில் இழுத்துவந்து, ஓராண்டுக்கு ஒரு பக்கமாக நாலாண்டில் வளைத்துக் கட்டின.

பூச்சுப் போய்த் துருவேறிய கம்பி அத்தூண்களிலே பலமுறை கழற்றிப் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. தூண்களுட் பல இன்றும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன.